ஒரே ரிக், நாலு புரோகிராம்: சண்டையில்லாமல் பகிர்ந்துகொள்ளும் வழி

ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் வாங்கி, ரேடியோவை (ஹாம்கள் ரிக் என்பது இதைத்தான்) யூஎஸ்பி கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து, டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் புரோகிராமில் எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறையில் முதல் தொடர்பு கிடைத்துவிட்டது. அடுத்து பெரும்பாலும் எல்லோரும் தொடர்புகளைப் பதிவுசெய்யும் ஒரு லாக் புரோகிராமை நிறுவுவார்கள். அதுவும் ரிக்கிடமிருந்து அதிர்வெண்ணைப் படித்தால் நன்றாக இருக்குமே என்று அதே போர்ட் எண்ணைக் கொடுப்பார்கள். உடனே போர்ட்டைத் திறக்க முடியவில்லை என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். லாக்கை மூடினால் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் ஓடுகிறது. அதை மூடினால் லாக் ஓடுகிறது. இரண்டையும் சேர்த்து ஓட்ட முடியவில்லை.

ரேடியோவிலும் கேபிளிலும் எந்தப் பழுதும் இல்லை. சீரியல் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் கையில் வைத்திருக்க முடியும். ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்காது. எனவே போர்ட்டை ஒரே ஒரு புரோகிராமிடம் ஒப்படைத்துவிட வேண்டும், மற்ற எல்லாம் அதனிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த ஒன்றை இந்தக் கட்டுரையில் மேலாளர் என்று சொல்கிறேன்.

இது தெரியாமல் நான் சில மாதங்கள் லாக்கை ரிக்கோடு இணைக்காமலே ஓட்டினேன். பேண்டை, அதாவது அலைவரிசைப் பகுதியை, கையால் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பு. ஒரு ஞாயிறு காலை 40 மீட்டரில் இருந்து 20 மீட்டருக்கு ரேடியோவை மாற்றினேன், லாக்கில் மாற்ற மறந்துபோனேன். அன்று போட்ட பதிவுகள் எல்லாமே 40 மீட்டர் என்று பதிவாகிவிட்டன. தொடர்புகளை இணையத்தில் சரிபார்க்கும் லாக்புக் ஆஃப் த வேர்ல்டில் ஒரு தொடர்பு உறுதியாக வேண்டுமானால் இரண்டு பக்கமும் அழைப்புக்குறி, பேண்ட், மோட் (அனுப்பும் முறை) பொருந்த வேண்டும், நேரமும் 30 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். என்னுடையவை எதுவும் பொருந்தவில்லை. என் கவனக்குறைவால் எதிர்முனையில் இருந்தவர்களுக்கும் உறுதி கிடைக்காமல் போனதுதான் மனதை உறுத்தியது. ஒவ்வொன்றாகத் திருத்தி மறுபடி ஏற்றினேன்.

ரிக்கும் கம்ப்யூட்டரும் என்ன பேசிக்கொள்கின்றன

அமைப்பதற்கு முன் இதைக் கொஞ்சம் புரிந்துகொள்ளுங்கள். பிறகு எந்தப் பிழை வந்தாலும் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும்.

ஐகாம் ஐசி-7300-ஐ எடுத்துக்கொள்வோம். அது பேசும் மொழிக்கு சிஐ-வி என்று பெயர். கம்ப்யூட்டர் "இப்போது அதிர்வெண் என்ன?" என்று கேட்க 6 பைட் அனுப்புகிறது. அதில் ரிக்கின் முகவரி இருக்கும். ஐசி-7300-க்கு ஆலையிலிருந்து வரும்போதே 94 என்று இருக்கும். ரிக் 11 பைட்டில் பதில் தருகிறது. அதன் நடுவில் உள்ள 5 பைட்தான் அதிர்வெண். 14.074 மெகாஹெர்ட்ஸ் என்றால் 14074000 ஹெர்ட்ஸ். அதை வலப்பக்கத்திலிருந்து இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்து 00, 40, 07, 14, 00 என்று அனுப்பும். யாய்சு, கென்வுட் ரிக்குகளின் மொழி வேறு. ஆனால் எல்லாவற்றிலும் முறை ஒன்றுதான்: ஒரு கேள்வி, ஒரு பதில்.

பதில் யாருக்கு என்று புரோகிராம் பெயர் எதுவும் அதில் எழுதியிருக்காது. அதனால்தான் ஒரு போர்ட்டைப் பல போர்ட்டாகக் காட்டும் சாதாரண ஸ்பிளிட்டர் மென்பொருளைப் புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. ஒரு புரோகிராம் அதிர்வெண்ணைக் கேட்கும், அதே கணத்தில் இன்னொன்று மோடைக் கேட்கும். இரண்டு பதிலும் இரண்டு பேருக்கும் போகும். ஒன்று குழம்பி நிற்கும், இன்னொன்று மறுபடி கேட்கும். பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு, சரியாக அரிதான நிலையம் ஒன்று பதில் சொல்லும்போது நின்றுபோகும். மேலாளர் இருந்தால் எல்லாருடைய கேள்வியையும் வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக ரிக்கிடம் கேட்பார், பதிலை உரியவரிடம் கொடுப்பார்.

மேலாளராக யாரை வைப்பது

மூன்று பேரைச் சொல்லலாம்.

எஃப்எல்ரிக்: விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். இலவசம். ரிக்கின் முகப்பு போலவே ஒரு ஜன்னல் இருப்பதால் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். மற்ற புரோகிராம்கள் 12345 என்ற நெட்வொர்க் போர்ட்டில் வந்து இதனிடம் பேசும்.

ரிக்சிடிஎல்டி: பல ரிக்குகளின் மொழிகளையும் ஒரே நூலகமாகத் தரும், 2000-இல் தொடங்கிய ஹாம்லிப் திட்டத்தின் பகுதி. ஜன்னல் கிடையாது, பின்னணியில் ஓடும். இதன் நெட்வொர்க் போர்ட் 4532. ராஸ்பெர்ரி பை போன்ற சிறிய கணினியை ரிக்கின் பக்கத்தில் வைத்து ஓட்டுபவர்களுக்கு இதுதான் தோது.

ஆம்னிரிக்: விண்டோஸில் மட்டும். இரண்டு ரிக் வரை கையாளும். விண்டோஸுக்கான பல லாக் புரோகிராம்கள் இதை நேரடியாகப் புரிந்துகொள்ளும்.

புதியவர் என்றால் எஃப்எல்ரிக்கில் தொடங்குங்கள் என்பேன். கோளாறு வந்தால் அது ரிக் பக்கமா, புரோகிராம் பக்கமா என்று அதன் ஜன்னலைப் பார்த்தே சொல்லிவிடலாம். உங்கள் லாக் புரோகிராம் ஆம்னிரிக்கை மட்டுமே ஏற்கும் என்றால் ஆம்னிரிக்கை மேலாளராக வையுங்கள். டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸிலும் ரிக் பட்டியலில் ஆம்னிரிக் ரிக் 1 என்று இருக்கிறது. ஆனால் ஒரே ரிக்குக்கு இரண்டு மேலாளர்களை ஒரே போர்ட்டில் வைத்தால் பழைய சண்டை மறுபடி தொடங்கிவிடும்.

முதலில் ரிக்கைத் தயார் செய்யுங்கள்

விண்டோஸ் என்றால் யூஎஸ்பி டிரைவரை நிறுவிய பிறகுதான் கேபிளைச் செருக வேண்டும். ஐசி-7300-க்குள் இருப்பது சிலிக்கான் லேப்ஸ் சிப். அதற்கான டிரைவர் ஐகாம் தளத்திலேயே கிடைக்கும். டிவைஸ் மேனேஜரில் போர்ட்ஸ் பகுதியைத் திறந்து காம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கேபிளை வேறு யூஎஸ்பி துளைக்கு மாற்றினால் இந்த எண் மாறக்கூடும். ஒரே துளையில் நிரந்தரமாக வைத்துவிடுவது நிம்மதி. யாய்சு எஃப்டி-991ஏ மாதிரி ரிக் என்றால் இரண்டு போர்ட் தெரியும். என்ஹான்ஸ்டு என்று பெயர் உள்ளதுதான் கட்டுப்பாட்டுக்கு.

லினக்ஸில் டிரைவர் தனியாகத் தேவையில்லை. ஆனால் டெபியன், உபுண்டு வகைகளில் உங்கள் பயனர் பெயர் டயல்அவுட் என்ற குழுவில் இருக்க வேண்டும். சேர்த்த பிறகு ஒருமுறை வெளியேறி மறுபடி உள்ளே வந்தால்தான் அது செல்லுபடியாகும். பலர் இந்த இடத்தில்தான் ஒரு மாலை முழுவதையும் தொலைக்கிறார்கள்.

அப்புறம் ரிக்கின் மெனு. ஐசி-7300-இல் மெனு, செட், கனெக்டர்ஸ், சிஐ-வி என்று உள்ளே போங்கள். சிஐ-வி யூஎஸ்பி போர்ட் என்பதை ரிமோட் துளையிலிருந்து பிரித்து, அதாவது அன்லிங்க் என்று வைத்தால், யூஎஸ்பி வேகத்தை 115200 வரை கூட்டலாம். பழைய எஃப்டி-857 போன்றவற்றில் வேகம் ஆலையிலிருந்து 4800 என்று வரும், மெனுவில் 38400 வரை போகலாம். இந்த வேகத்தை ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். எஃப்எல்ரிக்கிலும் அதே எண் இருக்க வேண்டும்.

இன்னொன்று, இது முக்கியம். அதே கனெக்டர்ஸ் பகுதியில் யூஎஸ்பி செண்ட் என்று ஒரு தேர்வு இருக்கும். டிடிஆர், ஆர்டிஎஸ் என்ற இரண்டு கம்பிகளில் ஒன்றை வைத்து ரிக்கை டிரான்ஸ்மிட் செய்யவைப்பது அதன் வேலை. பல புரோகிராம்கள் போர்ட்டைத் திறக்கும்போதே இந்தக் கம்பிகளை உயர்த்திவிடும். அப்போது நீங்கள் எதையும் தொடாமலே ரிக் டிரான்ஸ்மிட்டுக்குப் போய்விடும். ஆண்டெனா இல்லாத நேரமாக இருந்தால் கவலைதான். நாம் டிரான்ஸ்மிட் கட்டளையையும் சிஐ-வி வழியாகவே அனுப்பப் போகிறோம், ஆகவே யூஎஸ்பி செண்டை ஆஃப் செய்துவிடுங்கள். முதல்முறை சோதிக்கும்போது சக்தியை மிகக் குறைத்து, ஆண்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை உறிஞ்சும் டம்மி லோடில் இணைத்துக்கொள்வதும் நல்லது.

எஃப்எல்ரிக்கை உட்காரவைப்பது

எஃப்எல்ரிக்கைத் திறந்து கான்ஃபிக் மெனுவில் செட்டப், டிரான்ஸீவர் பகுதிக்குப் போங்கள். ரிக் பட்டியலில் உங்கள் மாடலைத் தேர்ந்தெடுங்கள். சீரியல் போர்ட், வேகம் இரண்டையும் கொடுங்கள். ஐகாம் என்றால் சிஐ-வி முகவரி தானாக வந்திருக்கும். ரிக்கில் அதை நீங்கள் மாற்றியிருந்தால் மட்டும் இங்கும் மாற்றுங்கள். ரிக்கில் யூஎஸ்பி எக்கோ ஆன் செய்திருந்தால் இங்கும் எக்கோ பெட்டியில் டிக் இட வேண்டும். டிடிஆர், ஆர்டிஎஸ் 12 வோல்ட் பெட்டிகளைத் தொடாதீர்கள். பிடிடி (டிரான்ஸ்மிட்டைத் தொடங்கும் கட்டளை) பகுதியில் கேட் வழி என்று தேர்ந்தெடுங்கள். கேட் என்பது கம்ப்யூட்டர் வழி ரிக் கட்டுப்பாட்டுக்கு ஹாம்கள் வைத்திருக்கும் பொதுப்பெயர். கடைசியாக இனிட் பொத்தானை அழுத்துங்கள்.

ஜன்னலில் ரிக்கின் அதிர்வெண் தோன்றும். இப்போது ரேடியோவின் பெரிய குமிழைத் திருப்புங்கள். திரையில் எண்கள் கூடவே ஓட வேண்டும். பிறகு திரையில் ஒரு இலக்கத்தின் மேல் மவுஸ் சக்கரத்தை உருட்டுங்கள். ரேடியோவில் எண் மாற வேண்டும். இரண்டு திசையும் சரியாக வந்தால்தான் அடுத்த கட்டம். வராவிட்டால் வேகம், போர்ட் எண், சிஐ-வி முகவரி என்ற மூன்றையும் இந்த வரிசையில் பாருங்கள்.

மற்றவர்களை உள்ளே அழைப்பது

டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸில் எஃப்2 அழுத்தி ரேடியோ பகுதிக்குப் போங்கள். ரிக் என்ற இடத்தில் ஐகாம் ஐசி-7300 என்று இருப்பதை எஃப்எல்ரிக் என்று மாற்றுங்கள். புதியவர்களுக்குத் தயக்கம் வருவது இங்கேதான். "என் ரிக் ஐகாம் ஆச்சே, எஃப்எல்ரிக் என்று போட்டால் சரியா?" என்று கேட்பார்கள். சரிதான். இந்தப் புரோகிராமுக்கு இனி ஐகாம் தெரிய வேண்டியதில்லை, மேலாளரைத் தெரிந்தால் போதும். நெட்வொர்க் சர்வர் இடத்தில் 127.0.0.1:12345 என்று எழுதுங்கள். பிடிடி முறை கேட், மோட் டேட்டா, ஸ்பிளிட் என்பதில் ஃபேக் இட். டெஸ்ட் கேட் பொத்தான் பச்சையானால் இணைப்பு கிடைத்துவிட்டது. டெஸ்ட் பிடிடி அழுத்தினால் சிவப்பாகி ரிக் டிரான்ஸ்மிட்டுக்குப் போகும், மறுபடி அழுத்தினால் திரும்பும்.

எஃப்எல்டிஜி என்ற டிஜிட்டல் மோட் புரோகிராமைப் பயன்படுத்தினால் ரிக் கன்ட்ரோல் பகுதியில் எஃப்எல்ரிக் தேர்வை மட்டும் டிக் செய்து, ஹாம்லிப், ரிக்கேட் இரண்டையும் நீக்கிவிடுங்கள். பழைய டிக் ஒன்று ஒளிந்திருந்தால் அதுவும் போர்ட்டைப் பிடிக்கப் போகும்.

லாக் புரோகிராம் எஃப்எல்ரிக்கை நேரடியாக அறியாவிட்டாலும் வழி இருக்கிறது. ஹாம்லிப்பின் ரிக் பட்டியலில் எஃப்எல்ரிக்குக்கே 4 என்று ஒரு எண் உண்டு. ஹாம்லிப்பில் எழுதப்பட்ட எந்தப் புரோகிராமும் 4ஆம் எண்ணைத் தேர்ந்தெடுத்து உள்ளே வந்துவிடலாம். லினக்ஸில் சிக்யூஆர்லாக் போல ரிக்சிடிஎல்டியை எதிர்பார்ப்பவை என்றால், ரிக்சிடிஎல்டியை 4ஆம் எண்ணோடு ஓட்டுங்கள். போர்ட் எஃப்எல்ரிக்கிடமே இருக்கும், ரிக்சிடிஎல்டி மொழிபெயர்ப்பாளராக நடுவில் நிற்கும். எஃப்எல்ரிக்கே வேண்டாம், ரிக்சிடிஎல்டி மட்டும் போதும் என்றால் அதில் ஐசி-7300-இன் எண் 3073. பழைய 3ஆம் பதிப்பு ஹாம்லிப்பில் இது 373 என்று இருந்தது. பழைய குறிப்புகளைப் பார்த்துத் தட்டச்சு செய்பவர்கள் கவனிக்க வேண்டும். அந்த வழியில் போனால் மற்ற புரோகிராம்களில் ஹாம்லிப் நெட் ரிக்சிடிஎல், அதாவது 2ஆம் எண்ணைத் தேர்ந்தெடுத்து 4532 போர்ட்டைக் கொடுக்க வேண்டும்.

ரேடியோ இன்னும் கைக்கு வராதவர்களும் இதைப் பழகலாம். ஹாம்லிப்பில் 1ஆம் எண் ஒரு போலி ரிக். ரிக்சிடிஎல்டியை அதோடு ஓட்டினால் 145 மெகாஹெர்ட்ஸில் இருப்பதாகச் சொல்லும் ஒரு கற்பனை ரேடியோ கிடைக்கும். நாலு புரோகிராமையும் அதோடு இணைத்து, ஒன்றில் மாற்றினால் மற்றவற்றில் மாறுகிறதா என்று பார்க்கலாம். லைசென்ஸ் வரும்வரை காத்திருக்கும் நண்பர்களுக்கு இதை ஆசையோடு சொல்கிறேன். எதையும் எரிக்காமல் எல்லாத் தவறையும் இதில் செய்து பார்த்துவிடலாம்.

யார் கட்டளை இடுவது

படிப்பதைப் பகிர்ந்துகொள்வது எளிது. கட்டளை இடுவதில்தான் ஒழுங்கு வேண்டும். எஃப்டி8 15 வினாடிச் சுற்றுகளில் நடக்கிறது, அதில் டிரான்ஸ்மிட் 12.64 வினாடி. ஃபேக் இட் முறையில் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் அந்த நேரத்தில் மட்டும் ரிக்கின் அதிர்வெண்ணைச் சற்று நகர்த்தி, ஒலி 1500 முதல் 2000 ஹெர்ட்ஸுக்குள் விழும்படி பார்த்துக்கொள்ளும், முடிந்ததும் திருப்பி வைக்கும். அந்த 12 வினாடிக்குள் லாக் புரோகிராமில் ஒரு ஸ்பாட்டை, அதாவது வேறொருவர் கேட்டதாக அறிவித்த நிலையத்தை, கிளிக் செய்தால் ரிக் வேறு அதிர்வெண்ணுக்குத் தாவிவிடும், டிரான்ஸ்மிட் ஆகிக்கொண்டிருக்கும்போதே. எனவே டிஜிட்டல் மோடில் இருக்கும்போது அதிர்வெண்ணை மாற்றும் வேலையை ஒரே புரோகிராமிடம் விடுங்கள். லாக்கில் மோடைத் தானாக மாற்றும் வசதி இருந்தால் அதையும் நிறுத்திவையுங்கள். டேட்டா மோடில் இருந்த ரிக்கை அது வெறும் யூஎஸ்பிக்கு, அதாவது அப்பர் சைடுபேண்டுக்கு மாற்றிவிடும். அப்போது ரிக் டிரான்ஸ்மிட் ஆகும், ஆனால் கம்ப்யூட்டரின் ஒலி போகாது. மைக்கில் விழும் மின்விசிறிச் சத்தம்தான் காற்றில் போகும்.

டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ், எஃப்எல்டிஜி இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்து வைக்கலாம், ஆனால் டிரான்ஸ்மிட் ஒன்றில் மட்டும். கட்டளை நடுவழியில் தொலைந்து ரிக் டிரான்ஸ்மிட்டிலேயே சிக்கிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. ஐசி-7300-இல் சிஐ-வி-க்கென்றே ஒரு டைம்-அவுட் டைமர் இருக்கிறது, அதை 3 நிமிடத்தில் வையுங்கள்.

எத்தனை முறை கேட்பது என்பதும் ஒரு கணக்குத்தான். 4800 வேகத்தில் எஃப்டி-857 ஒரு பைட்டுக்கு 11 பிட் எடுக்கும். கேள்வி 5 பைட், பதில் 5 பைட் என்றால் கம்பியில் மட்டும் சுமார் 23 மில்லிவினாடி. அதற்கு மேல் ரிக் யோசிக்கும் நேரம். மீட்டர், சக்தி, மோட் என்று பத்து விஷயங்களை வினாடிக்குப் பலமுறை கேட்டால் வரிசை நீண்டு, டிரான்ஸ்மிட் கட்டளை தாமதமாகும். எஃப்எல்ரிக்கின் போலிங் பகுதியில் உங்களுக்குத் தேவையில்லாதவற்றின் டிக்கை எடுத்துவிடுங்கள். டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸில் கேட்கும் இடைவெளி 1 வினாடி போதும்.

2237: இது வேறு பாதை

கிரிட்டிராக்கர், ஜேடிஅலர்ட் போன்ற, கேட்ட நிலையங்களைக் காட்டும் துணைப் புரோகிராம்களைச் சேர்க்கும்போது பலர் அவற்றுக்கும் ரிக் போர்ட்டைக் கொடுக்கப் பார்ப்பார்கள். தேவையில்லை. டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் தான் கேட்டதையும் முடித்த தொடர்பையும் யூடிபி 2237 போர்ட்டில் அனுப்பிக்கொண்டே இருக்கும், அவை அதைப் படித்துக்கொள்ளும். ஆனால் இங்கும் அதே சிக்கல் சின்ன அளவில் வரும். 127.0.0.1 முகவரியில் அனுப்பினால் பொதுவாக ஒரு புரோகிராமுக்குத்தான் தகவல் போய்ச்சேரும். இரண்டு, மூன்று பேர் கேட்க வேண்டுமானால் முகவரியை 224.0.0.1 என்று மல்டிகாஸ்டாக மாற்றி, கேட்கும் புரோகிராம்களிலும் அதையே கொடுங்கள். தொடர்பு முடிந்ததும் லாக்கில் ஒரே பதிவு இரண்டு முறை விழுந்தால், இரண்டு வழிகளில் தகவல் போகிறது என்று பொருள். ஒன்றை அடைத்துவிடுங்கள்.

கோளாறு வந்தால்

காலையில் நன்றாக ஓடியது, மாலையில் போர்ட் கிடைக்கவில்லை என்றால், ஏதோ ஒரு புரோகிராம் மூடியபின்னும் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் பார்த்து நிறுத்துங்கள். சிக்யூஆர்லாக் போன்ற சிலவற்றில் தாமாகவே ரிக்சிடிஎல்டியைத் தொடங்கும் தேர்வு இருக்கும். நீங்கள் ஏற்கெனவே ஒன்று ஓட்டிக்கொண்டிருந்தால் அதை எடுத்துவிட வேண்டும்.

ஆம்னிரிக்கில் ஒரு தனிச் சிக்கல். ஒரு புரோகிராமை அட்மினிஸ்ட்ரேட்டராகவும் இன்னொன்றைச் சாதாரணமாகவும் திறந்தால், ஆம்னிரிக் இரண்டு பிரதிகளாக ஓடும், இரண்டும் ஒரே போர்ட்டுக்கு அடித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒரே மாதிரி திறங்கள்.

கேட்கும்போது எல்லாம் சரியாக இருந்து, டிரான்ஸ்மிட் செய்யும்போது மட்டும் இணைப்பு அறுந்தால் அமைப்புகளைத் தோண்ட வேண்டாம். ஆண்டெனாவிலிருந்து வரும் ரேடியோ அலை யூஎஸ்பி கேபிளுக்குள் புகுந்திருக்கும். சக்தியை 5 வாட்டுக்குக் குறைத்துப் பாருங்கள். அப்போது அறுபடவில்லை என்றால் காரணம் அதுதான். கேபிளின் இரண்டு முனையிலும் ஃபெரைட் மாட்டுங்கள், கேபிளையும் குட்டையாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கதவை மட்டும் திறக்காதீர்கள். எஃப்எல்ரிக்கோ ரிக்சிடிஎல்டியோ கடவுச்சொல் கேட்காது. 12345, 4532 போர்ட்டுகளை ரவுட்டரில் இணையத்துக்குத் திறந்துவிட்டால், முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் ரேடியோவை டிரான்ஸ்மிட் செய்யவைக்கலாம். காற்றில் போவதற்குப் பொறுப்பு லைசென்ஸ் வைத்திருக்கும் நீங்கள்தான். வெளியிலிருந்து இயக்க வேண்டுமென்றால் விபிஎன் போட்டு அதன் வழியாக வாருங்கள்.

தினசரி வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் ரேடியோ, அப்புறம் எஃப்எல்ரிக். அதில் அதிர்வெண் தெரிந்த பிறகு டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ், கடைசியில் லாக். மூடும்போது இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். நாலும் திறந்ததும் ரேடியோவை 7.074-இல் இருந்து 14.074-க்கு மாற்றி, லாக் ஜன்னலில் பேண்ட் 20 மீட்டர் என்று மாறுகிறதா என்று பாருங்கள். மாறிய பிறகு முதல் சிக்யூ, அதாவது பொது அழைப்பு, கொடுங்கள்.